கேபிளுக்கு ஒரு பூட்டு

அந்தமானின் ஜங்லிகாட்டில் மீன்பிடி ஜெட்டிக்குப் போகிற வழியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. கடைக்காரர் பவானி. பெற்றோர் இலங்கை மலையகத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து குடியேறியவர்கள். டிஸ்ப்ளே உடைந்த என் போனைக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அபர்டீன் பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கோணிச் சாக்கில் எதையோ சுமந்துகொண்டு உள்ளே வந்தார். சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். தீவுக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் பேச்சு மட்டும் கப்பல் ஏறவில்லை. சாக்கை அவிழ்த்தால் கம்ப்யூட்டர் பெட்டி.

அண்ணாச்சி: ஏம்மா பவானி, கடையில ஆள் யாரும் இல்லையே?

பவானி: சார் ஒருத்தர் இருக்கார் அண்ணாச்சி. டிஸ்ப்ளே மாத்த வந்திருக்கார்.

அண்ணாச்சி: மெயின்லேண்டா? சரி, நாளைக்கோ மறுநாளோ கப்பல் ஏறிருவாரு. பேசலாம். இந்தப் பெட்டியைப் பூட்டணும்மா.

பவானி: சாவி போடுற ஓட்டை இதுல இல்லையே.

அண்ணாச்சி: வெளையாடாத. சின்னவன் பத்தாங்கிளாஸ். வயசு பதினஞ்சு. வேண்டாத சைட் எதுவும் இதுல வரக் கூடாது. வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ வந்துச்சு, ‘உங்கள் பிள்ளை உங்கள் கண்ணெதிரே நாசமாகிறான்’னு. ராத்திரி பூரா தூக்கமே இல்லை.

பவானி: வீடியோ எவ்வளவு நேரம்?

அண்ணாச்சி: முக்கால் மணி நேரம். மூணு தடவை பார்த்தேன்.

பவானி: நின்னு நின்னு வந்துச்சா?

அண்ணாச்சி: ஒரு எடத்துல நிக்கலையே! அதான் சொல்லுதேன், எல்லாத்துக்கும் காரணம் அந்தக் கேபிள். அதுக்கு முன்னாடி இந்தத் தீவுல இந்தப் பிரச்சினை உண்டா? சாட்டிலைட் நெட்டு. ஒரு போட்டோ எறங்கணும்னா நெத்தி தெரியவே ஒரு டீ குடிச்சிரலாம். மூக்கு வாறதுக்குள்ள கரண்ட் போயிரும். புள்ளைய ஒழுக்கமா வளர்ந்துச்சு.

பவானி: அது ஒழுக்கம் இல்லை அண்ணாச்சி, பேண்ட்வித் இல்லாத குறை. அப்புறம், 2020 ஆகஸ்ட் 10 அன்னிக்குப் பிரதமர் அந்தக் கேபிளைத் திறந்து வெச்சப்போ உங்க கடையில லட்டு கொடுத்தீங்க. நான் ரெண்டு வாங்கினேன்.

அண்ணாச்சி: யாவாரத்துக்கு நல்லதுன்னு கொடுத்தேன்.

பவானி: சென்னையிலிருந்து கடலுக்கடியில 2,300 கிலோமீட்டர். இங்கேயும், கார் நிக்கோபார், கமோர்ட்டா, லிட்டில் அந்தமான்னு இன்னும் ஏழு தீவுக்கும். 1,224 கோடி ரூபாய். அதை அடைக்க நீங்க என்ன பட்ஜெட் வெச்சிருக்கீங்க?

அண்ணாச்சி: ஐந்நூறு. ரொம்பக் கேட்டா எழுநூறு.

(சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, நான் பார்க்கிறேனா என்று ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, நான்காக மடித்தபடியே நீட்டுகிறார். மளிகைக்கடை பில் தாள். பின்பக்கம் எழுதியிருக்கிறது.)

பவானி: என்ன அண்ணாச்சி, சரக்கு லிஸ்ட்டா?

அண்ணாச்சி: தடை பண்ண வேண்டிய வார்த்தை. சத்தமா வாசிக்காத. பதினேழு இருக்கு. எல்லாம் நானே யோசிச்சு எழுதுனது.

பவானி: பரவாயில்லை, நிறையவே யோசிச்சிருக்கீங்க. முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக்குவோம், இந்த இங்கிலீஷ் மூணெழுத்து. இதைப் பூட்டினா என்ன ஆகும் தெரியுமா? ஆயிரம் ஆணுக்கு எத்தனை பெண்ணுங்கிற கணக்குக்கு இங்கிலீஷ்ல அந்த வார்த்தைதான். 2011 சென்சஸ்ல நம்ம தீவுக்கு 876. உங்க பொண்ணு ப்ராஜெக்ட்டுக்கு அதைத் தேடினா ‘ஆபாசம்’னு வரும். இங்கிலாந்துல எசெக்ஸ், சசெக்ஸ்னு மாவட்டமே இருக்கு. பேரோட வால்லயே அந்த மூணெழுத்து. அதுவும் போச்சு. 1996-ல ஏ.ஓ.எல். கம்பெனி இப்படித்தான் வார்த்தை வெச்சு வடிகட்டப் போய், ஸ்கன்தார்ப்னு ஒரு ஊர்க்காரங்க தங்க ஊர்ப் பேரைப் போட்டு அக்கவுண்ட் திறக்கவே முடியாமப் போச்சு.

அண்ணாச்சி: அவன் ஊர் பேரு அவன் தலைவிதி. இங்கிலாந்து போனாப் போட்டும். ரெண்டாவதைப் பூட்டு.

பவானி: அது உடம்புல ஒரு பாகம். பூட்டினா புற்றுநோய்ப் பரிசோதனைப் பக்கம் வராது. தாய்ப்பால் வராது. உங்க பொண்ணு நீட் எழுதப் போறா, அவளுக்கு பயாலஜி பாதி வராது. தமிழ்லயும் அதையே எழுதியிருக்கீங்க. மதுரையை எரிக்கறதுக்கு முன்னாடி கண்ணகி எதைத் திருகி எறிஞ்சா?

அண்ணாச்சி: (யோசித்து) ஆமா...

பவானி: ஊரே எரிஞ்சாலும் கம்ப்யூட்டர்ல ‘இந்தப் பக்கம் அனுமதிக்கப்படவில்லை’ன்னுதான் வரும். ஏழாவது வார்த்தை ‘காமம்’. அப்போ திருக்குறள்ல 1,330-ல 250 போச்சு. அறத்துப்பால், பொருட்பால் வரைக்கும் பையன் போகலாம். அதுக்கு மேல வள்ளுவருக்கே கேட் சாத்தியிருக்கும்.

அண்ணாச்சி: அதைப் பள்ளிக்கூடத்துலேயே சொல்லிக் குடுக்கதில்லையே?

பவானி: உண்மைதான். தமிழ்நாட்டுல குறளைப் பாடத்துல சேர்க்கணும்னு 2016-ல ஐகோர்ட் சொன்னப்பவே அறமும் பொருளும்தான் சொல்லிச்சு. உங்க லிஸ்ட்டுக்கு முன்மாதிரி இருக்கு.

(இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாச்சி திரும்பிப் பார்த்ததும் உடைந்த டிஸ்ப்ளேவை நினைத்துக் கவலைப்படுகிற முகமாக மாற்றிக்கொண்டேன்.)

அண்ணாச்சி: கெவர்மெண்டே பூட்டி வச்சிருக்குன்னு சொன்னாகளே?

பவானி: பூட்டிச்சு. 2015 ஜூலை கடைசியில 857 சைட்டைப் பூட்டச் சொல்லி உத்தரவு. ஊரெல்லாம் கத்தினதும் சில நாள்லயே, குழந்தைகளை வெச்சு எடுக்கற அசிங்கம் தவிர மத்ததை விட்டுட்டாங்க. 2018-ல உத்தராகண்ட் ஐகோர்ட் மறுபடியும் பூட்டுன்னுச்சு. பட்டியலை எடுத்து ஒவ்வொண்ணாப் பார்த்தா, முப்பது சைட்டுல ஆபாசமே இல்லை. அதைக் கழிச்சு 827.

அண்ணாச்சி: அந்த முப்பது எப்படி உள்ள வந்துச்சு?

பவானி: உங்க லிஸ்ட்டுல பதினாலாவது வார்த்தை ‘முத்தம்’. வீட்டு முத்தம் பெருக்கறதும் அதுல மாட்டும். அப்படித்தான் வந்திருக்கும்.

அண்ணாச்சி: மிச்சம் 827-ஆவது ஒழிஞ்சுதே.

பவானி: வாலை மாத்திக்கிட்டு வேற பேர்ல வந்துருச்சு. நம்ம ஊரு இப்போ ஸ்ரீ விஜயபுரம். 2024 செப்டம்பர்ல இருந்து. பஸ்ல ஏறி ‘போர்ட் பிளேர் ஒரு டிக்கெட்’னா கண்டக்டர் இறக்கி விடறாரா? ஹேவ்லாக்னு கேட்டா போட் ஸ்வராஜ் தீவுக்குப் போகாதா? அதே கதை.

அண்ணாச்சி: அப்ப ஒண்ணுமே செய்ய முடியாதுங்கியா? நீ என்னத்துக்குக் கடை வச்சிருக்க?

பவானி: செய்யலாம். வார்த்தையை விட்டுடுங்க. ரவுட்டர்ல டி.என்.எஸ்.னு ஒரு இடம் இருக்கு. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில விசாரணை கவுண்டர் மாதிரி. சைட் பேரைச் சொன்னா, எந்த விலாசத்துக்குப் போகணும்னு அது சொல்லும். குடும்பங்களுக்குன்னே தனி கவுண்டர் இருக்கு. கிளவுட்ஃப்ளேர் கம்பெனி 2020-ல ஆரம்பிச்சது, 1.1.1.3. வேண்டாத சைட்டைக் கேட்டா ‘அப்படி ஒரு ஊரே இல்லை’ன்னு சொல்லிடும். காசு கிடையாது. பையனுக்கு இதுல தனி அக்கவுண்ட், அட்மின் உரிமை இல்லாம. தேடற இடத்துல சேஃப் சர்ச். தெரியாம எதையோ தொட்டு எங்கேயோ போய் விழறதை இது தடுக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு இது போதும்.

அண்ணாச்சி: பதினஞ்சு வயசுக்காரனுக்கு?

பவானி: அவனுக்கு இந்தக் கவுண்டரைச் சுத்திப் போற வி.பி.என். தெரியும். கடலட்டை திருட பர்மாவுலேருந்து படகு வருதில்லையா? கோஸ்ட் கார்டு கப்பல் சுத்துது, பிடிக்குது, படகைப் பறிமுதல் பண்ணுது. அடுத்த பௌர்ணமிக்கு இன்னொரு படகு. இங்கிலாந்துல 2025 ஜூலையில வயசை நிரூபிச்சாத்தான் அந்த மாதிரி சைட்டைத் திறக்கலாம்னு சட்டம் வந்துச்சு. அந்த வாரமே வி.பி.என். இறக்குறது பல மடங்கு ஏறிச்சு. கேமராவுல முகத்தைக் காட்டு, வயசு சொல்றேன்னு கேட்டதுக்கு, வீடியோ கேம்ல வர்ற பொம்மையோட முகத்தைக் காட்டி சிலர் உள்ளே போயிட்டாங்க.

அண்ணாச்சி: வெள்ளைக்காரனுக்கே இந்தக் கதி. (சாக்கை மடிக்கிறார்.) சரி, நான் வேற ஒரு வழி வச்சிருக்கேன். பெட்டியை ஹால்ல நடுவுல வைக்கப் போறேன். நான் ஊஞ்சல்ல இருந்து பார்ப்பேன், வீட்டுக்காரி அடுப்படியில இருந்து பார்ப்பா, ஆச்சி கட்டில்ல இருந்து பார்ப்பா.

பவானி: செல்லுலார் ஜெயிலு.

அண்ணாச்சி: என்ன?

பவானி: அங்கேயும் நடுவுல ஒரு கோபுரம், அதைச் சுத்தி ஏழு கிளை. 1896-ல ஆரம்பிச்சு 1906-ல முடிச்சாங்க. ஒரு கிளையோட வாசல் இன்னொரு கிளையோட முதுகைப் பார்க்கும், ஒரு கைதி இன்னொருத்தர் முகத்தைப் பார்க்கக் கூடாதுன்னு. அவ்வளவு பிளான் போட்டுக் கட்டியும் உள்ளே இருந்தவங்க பேசிக்கிட்டாங்க. ஒண்ணாச் சேர்ந்து 1933-ல உண்ணாவிரதமே இருந்தாங்க. பட்டினி கிடந்து புஸ்தகம் படிக்கற உரிமையை வாங்கினாங்க. ஏழு கிளையில இன்னிக்கு மிச்சம் மூணு. உங்க ஹால்ல ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் ஆயிருச்சா?

அண்ணாச்சி: அடுத்த மாசம்.

பவானி: பொதுவான இடத்துல வைக்கிறது நல்லதுதான். நானும் எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்றேன். பொண்ணுக்கு என்ன ஏற்பாடு?

அண்ணாச்சி: அவளுக்கு எதுக்கு? அவளுக்குப் போனே குடுக்கல. ஏதும் வேணும்னா தம்பிட்ட கேப்பா, அவன் பார்த்துச் சொல்லுவான்.

பவானி: நீட் படிக்கிறவளுக்கு, நாசமாப் போறவன்கிட்ட கேட்டுத்தான் நெட்டு.

(அண்ணாச்சிக்கு இது காதில் விழவில்லை, அல்லது விழாதது போல இருந்தார். இரண்டு நொடி ஸ்க்ரூடிரைவர் சத்தம் மட்டும்.)

அண்ணாச்சி: எனக்கு ஒண்ணுதான்மா. கண்ட அசிங்கத்தைப் பார்த்து மனசு கெடக் கூடாது. உடம்பைப் பார்க்கிறதுக்கு ஒரு வரைமுறை வேண்டாமா?

பவானி: வேணும். ஜிர்காடாங் செக்போஸ்ட் தெரியுமில்லே?

அண்ணாச்சி: தெரியாம? ஊர்ல இருந்து யார் வந்தாலும் பாரதாங் கூட்டிட்டுப் போறவன் நான்.

பவானி: அங்கே என்ன போர்டு? வண்டியை நிறுத்தாதே, போட்டோ எடுக்காதே, ஜாரவா பழங்குடி மக்களுக்குத் தின்பண்டம் கொடுக்காதே. முன்னாடி போலீஸ் வண்டி, பின்னாடி போலீஸ் வண்டி, நடுவுல கன்வாய். அந்த ரோட்டை மூடச் சொல்லி சுப்ரீம் கோர்ட் 2002-லேயே சொல்லிச்சு. இன்னிக்கும் ஓடுது. 2012 ஜனவரியில ஜாரவாப் பொண்ணுங்களை டூரிஸ்ட்டுக்கு முன்னாடி ஆட வெச்ச வீடியோ லண்டன் பேப்பர்ல வந்து உலகமே காறித் துப்பிச்சு. அதுக்கப்புறம் சட்டத்தைத் திருத்தி, படம் எடுத்தா ஜெயில்னு ஆக்கினாங்க. அதை எடுத்தது பதினஞ்சு வயசுப் பையனா அண்ணாச்சி?

அண்ணாச்சி: இப்ப அது எதுக்கு...

பவானி: போன மாசம் ‘மெமரி ஃபுல்’னு உங்க போனைக் கொண்டாந்தீங்க. குடும்ப குரூப்புல உங்க மச்சான் பஸ் ஜன்னல் திரைக்குப் பின்னாடி நின்னு எடுத்த வீடியோ ஒண்ணு இருந்துச்சு. கீழே பதினோரு பேர் சிரிப்பு பொம்மை போட்டிருந்தாங்க. ஆச்சியைத் தவிர எல்லாரும்.

அண்ணாச்சி: அவன் சும்மா விளையாட்டுக்கு... அந்த மக்க அப்படித்தானம்மா இருப்பாக.

பவானி: அவங்க அவங்க வீட்டுல இருந்தாங்க. நாமதான் பஸ்ல போயி எட்டிப் பார்த்தோம். அதை நான் அழிச்சுட்டேன். நீங்க தேடவே இல்லை.

(அண்ணாச்சி எழுந்து வாசல் வரை போய், ஜெட்டியில் நிற்கிற டிங்கிகளைப் பார்த்துவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்தார். சண்டை வரும் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.)

அண்ணாச்சி: நெசமாச் சொல்லு. இந்தப் பூட்டு போட்டா என் மகன் தப்பிப்பானா, மாட்டானா?

பவானி: ஒரு கதை சொல்றேன். ஒரு அப்பா இதே மாதிரி வந்தார். எல்லாப் பூட்டும் போட்டுக் கொடுத்தேன். ரெண்டு மாசம் கழிச்சு அந்த வீட்டுப் பையன் தனியா வந்தான். ‘அக்கா, நெட்டுல ஒரு போட்டோவை அழிக்க எவ்வளவு?’ன்னான். கேம் விளையாடறப்போ ஒரு பொண்ணு பேர்ல எவனோ பேச்சுக் கொடுத்து, இவன்கிட்டயே இவன் படத்தை வாங்கிட்டு, காசு அனுப்பு இல்லேன்னா உன் ஸ்கூல் குரூப்புல போடுவேன்னு மிரட்டியிருக்கான். நான் போட்ட பூட்டு அப்படியே இருந்துச்சு. அந்த கேம் ஆபாச சைட் இல்லையே, எந்தக் கவுண்டரும் தடுக்காது.

அண்ணாச்சி: அட முருகா.

பவானி: காசு அனுப்பாதே, பேசினதை அழிக்காதேன்னேன். சைபர் க்ரைம் உதவி எண் 1930-க்குப் போன் போட்டோம். ‘டேக் இட் டவுன்’னு பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்கு ஒரு இடம் இருக்கு. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அந்தப் படத்துக்கு ஒரு அடையாள எண் மாதிரி போனுக்குள்ளேயே உருவாக்கி, அந்த எண்ணை மட்டும் அனுப்பும். சேர்ந்திருக்கற கம்பெனிங்க அந்த எண் எங்கே வந்தாலும் எடுத்துடுவாங்க. அதையும் செஞ்சோம். எல்லாம் முடிஞ்சு அந்தப் பையன் கேட்டது ஒண்ணே ஒண்ணு, ‘அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.’

அண்ணாச்சி: (குரலைத் தாழ்த்தி) யார் வீட்டுப் பய?

பவானி: அந்தக் கேள்விக்குத்தான் அவன் பயந்தான் அண்ணாச்சி.

(பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளேயிருந்து எறும்பு வரிசையாக வெளியே வந்தது. விசிறியில் உப்புக் காற்றின் துரு. மூலையில் ஒரு பல்லி முட்டை. வயரை மாட்டி ஆன் பண்ணியதும் அது ரொம்ப நேரம் முனகியது.)

பவானி: இதைக் கடைசியா எப்போ ஆன் பண்ணினது தெரியுமா? போன வருஷம் பிப்ரவரி. தேடினது ஒண்ணே ஒண்ணு. ‘மின்சாரத்தின் விளைவுகள், முக்கிய வினாக்கள்.’

அண்ணாச்சி: அப்ப பய இதைத் தொடவே இல்லையா?

பவானி: எறும்புதான் தொட்டிருக்கு. அவன் எதுல பார்க்கிறான்?

அண்ணாச்சி: அவனுக்குத் தனிப் போன் கெடையாது. கடைப் போன்தான் இருக்கு.

பவானி: கடைப் போன் யார்கிட்ட இருக்கு?

அண்ணாச்சி: சாயந்திரம் அவந்தானே கல்லாவுல இருக்கான். ஜிபே வந்துதான்னு பார்க்கணுமில்லா. அதையெல்லாம் போட்டுக் குடுத்ததே அவந்தான். ஆனா அது யாவாரப் போன்ம்மா. அதுல என்ன வரும்?

பவானி: அதுலயும் அதே கேபிள்தான் வருது.

அண்ணாச்சி: (நீண்ட நேரம் கழித்து) சரி. வந்தது வந்துட்டேன். இதுலயாவது பூட்டைப் போடு. கெவர்மெண்ட்டும் ஏதோ சட்டம் போட்டிருக்காமே, புள்ளைய எதுல சேரணும்னாலும் அப்பன் சம்மதம் வேணும்னு?

பவானி: ஆமா, 2023-ல சட்டம் வந்துச்சு, 2025 நவம்பர்ல விதிகளும் வந்துச்சு. பதினெட்டு வயசுக்குக் கீழே இருந்தா பெத்தவங்க சம்மதத்தைச் சரிபார்த்துத்தான் அவங்க விவரத்தை வாங்கணும்னு அதுல இருக்கு.

அண்ணாச்சி: அது நல்ல சட்டம். அப்பன் கையில பிடி இருக்கணும்.

பவானி: உங்க பேர்ல ஃபேமிலி அக்கவுண்ட் திறக்கறேன். நீங்க அட்மின், அவன் பிள்ளை. நம்பர் சொல்லுங்க... போட்டாச்சு. சரிபார்க்க உங்க போனுக்கு ஓ.டி.பி. வந்திருக்கும். ஆறு இலக்கம்.

(அண்ணாச்சி சட்டைப்பையைத் தடவினார். வேட்டி மடிப்பைத் தடவினார். பிறகு பவானியின் போனைக் கேட்டு வாங்கி, தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.)

அண்ணாச்சி: ஏலே, அப்பா பேசுதேன். கடையில கூட்டமா? ஒண்ணுமில்ல, போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு... ஆமா, அதான். வாசி... நாலு... ஏழு... இரு, ஏழா ஒண்ணா? என்னது? எதுக்கு வந்துச்சா? அது... ஒண்ணுமில்லப்பா, மிச்சத்தைச் சொல்லு.